இரண்டு நம்பரிலும் ஒரே செய்தி

செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்குவது வழக்கம். இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை என்று மட்டும் வைத்துக்கொள்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள், அதுவும் வீட்டுக்கு அனுப்பாமல் ஆபீஸ் முகவரிக்கு என்று நீ நினைக்கலாம். போனில் பேசும்போதெல்லாம் உன் பக்கத்தில் மாப்பிள்ளை இருக்கிறார். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அவரே பாதி பதிலைச் சொல்லிவிடுகிறார். சாப்பிட்டாயா என்று உன்னைக் கேட்டால், சாப்பிட்டாச்சு அத்தை என்கிறார் அவர். எவ்வளவு அக்கறை பார் என்று அப்பா பெருமைப்படுவார். எனக்கு என் மகளிடம் நாலு வார்த்தை தனியாகப் பேச வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. நம் வீட்டு டிவி ஹெச்டி ஆகிவிட்டது. எல்லாம் உன் அப்பாவின் வீம்புதான். சலூனுக்கு முடிவெட்டப் போனவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அங்கே புதிதாக ஹெச்டி போட்டிருக்கிறார்களாம். மதியச் செய்தியில் நீ வந்தபோது உன் தோட்டின் கல் வரைக்கும் தெரிந்ததாம். பெத்தவன் நான் வீட்டுல மங்கலாப் பாக்கணும், முடிவெட்ட வந்தவனெல்லாம் பளிச்சுன்னு பாக்கணுமா என்று ஒரே குதி. பஸ்ஸை விட்டு இறங்கி ரிடையராகி இத்தனை நாளாகியும் மனுஷன் ஹாரனை மட்டும் விடவில்லை. நீ வாங்கிக் கொடுத்த டிவி ஹெச்டிக்கு ஏற்றதுதான், பெட்டியையும் வயரையும் மாற்றினால் போதும் என்று டிஷ்காரர் சொன்னதுதான் தாமதம், ஞாயிற்றுக்கிழமையே வரச் சொல்லிவிட்டார்.

டிஷ்காரர் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தார். காற்றில் டிஷ் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, சாதாரண சேனலுக்கு இது போதும், ஹெச்டிக்குப் போதாது என்றார். பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். இப்ப வருதா என்று அவர் மேலிருந்து கத்த, படிக்கட்டில் நின்ற மாடி டீச்சர் அதை வாங்கிக் கீழே சொல்ல, டிவி முன்னால் அப்பா இல்ல, இல்ல, ஆங் வந்துடுச்சு, ஐயோ போச்சு என்று பதில் கத்த, தெருவே நின்று பார்த்தது. நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்தது அவ்வளவுதான்.

சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று வயர் தொங்கிக்கொண்டிருந்ததே, அதைப் பிடுங்கிவிட்டுத் தட்டையான வாய் உள்ள ஒரே வயரைச் செருகினார். உன் சேனல் இனிமேல் இரண்டு நம்பரில் வருமாம். பழைய நம்பரில் பழைய மாதிரி, புதிய நம்பரில் ஹெச்டி. இரண்டிலும் ஒரே செய்தி, ஒரே நேரம். அப்பா புதிய நம்பரை வாய்ப்பாடு மாதிரி சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார்.

மதியச் செய்திக்கு டீச்சரும் உட்கார்ந்துவிட்டார். டிஷ்காரர் டீ டம்ளரோடு சுவரோரம் நின்றார். நீ வந்தாய். என்ன சொல்வது பாப்பா, நம் வீட்டுக் கூடத்திலேயே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டால் தூசி என்றார். பொண்ணு இளைச்சுட்டாளே என்று டீச்சர் சொன்னார். இளைக்கலம்மா, பழைய பெட்டி படத்தை அகலவாக்குல இழுத்துக் காட்டும், இதுதான் உள்ள அளவு என்று டிஷ்காரர் விளக்கம் சொன்னார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. பாதிச் செய்தி வரைக்கும்தான்.

நீ போட்டிருந்தது நான் தைத்து அனுப்பிய சாம்பல் நிறக் கோட். ஊரார் துணி தைத்தே உன்னை வளர்த்தவள் நான், உன் அளவை நாடா வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. கழுத்தோடு ஒட்டி நிற்க வேண்டிய காலர் இரண்டு விரல் விலகி நிற்கிறது. டிஷ்காரர் சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது.

அப்புறம் நீ தாளை மாற்றக் குனிந்தாய். இடது பக்கம் முன்னால் விட்டிருந்த முடி கொஞ்சம் விலகியது. காதுக்குக் கீழே, தாடையோரத்தில், மற்ற இடத்தைவிடப் பவுடர் கனமாக இருந்தது. அதற்கு அடியில் ஒரு நிறம் தெரிந்தது. காலையிலிருந்து ராத்திரி வரை துணிக்கு நூல் நிறம் பார்க்கிற கண் எனக்கு, நிறத்தில் ஏமாறாது. கூட இருந்தவர்கள் யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. அப்பா தோட்டின் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், அடுப்பே பற்ற வைக்காத சமையலறையில் நின்றேன்.

என்ன அது பாப்பா? எங்கேயாவது இடித்துக்கொண்டாயா? அரைக்கைக் கோட் இரண்டு தைத்து அனுப்பினேனே, அதை ஏன் போடுவதில்லை? இந்த வெக்கையில் முழுக்கை எதற்கு?

அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை, அவருடைய பிரஷர் உனக்குத் தெரியும். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால்கூட நீ வாயைத் திறக்க மாட்டாய். நெற்றியைத் தொட்டுப் பார்த்துத்தான் நான் கண்டுபிடிப்பேன். இப்போது தொட எட்டவில்லை. ஒரு வரி எழுது, இல்லாவிட்டால் ஆபீஸ் போனிலிருந்து கூப்பிடு. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

*

வியாழக்கிழமை

அன்பு மகளுக்கு,

அம்மா மறுபடியும் எழுதுகிறேன். போன வாரத்துக்கு முந்தின வாரம் எழுதிய கடிதம் உன் கைக்கு வந்து, நீ ஆபீஸிலிருந்து கூப்பிட்டாய். குரலைக் கேட்டதில் பாதி உயிர் வந்தது. மீதி வரவில்லை.

ஸ்டுடியோவில் விளக்குக் கம்பி இடித்துவிட்டது, கவலைப்பட ஒன்றுமில்லை, இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொன்னாய். ஓரிடத்தில்கூடத் தடுக்காமல் சொன்னாய். வெள்ளம் வடிந்துவிட்டது என்று நாட்டுக்குச் சொல்வாயே, அதே குரல். என்னோடு பேசும்போது இரும்மா, நீ சும்மா இரும்மா என்று நாலு தடவையாவது சண்டை பிடிக்காமல் நீ பேசியதே இல்லை. என் மகளைக் கூப்பிடச் சொன்னால் செய்தி வாசிப்பவள் கூப்பிட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து உன் செய்தி ஒன்றுவிடாமல் பார்க்கிறேன். உலகத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தாடையில் இருந்தது பச்சையாகி, மஞ்சளாகி, போயேவிட்டது. சரி, கம்பிதான் போலிருக்கிறது, நாம்தான் கண்டதையும் நினைத்து உயிரை விடுகிறோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். நேற்று மதியம் நீ கையை நீட்டியபோது கோட்டின் கை மேலே ஏறியது. மணிக்கட்டுக்கு மேல் வரிசையாக நாலு தடம். விளக்குக் கம்பிக்கு விரல் உண்டா பாப்பா?

அப்பா விஷயத்தையும் சொல்ல வேண்டும். அவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்து ஹெச்டி போட்ட மனுஷன், சில நாளாக உன் செய்தி வரும்போது பழைய நம்பருக்கே மாற்றிவிடுகிறார். நான் புதிய நம்பரை வைத்துவிட்டு உள்ளே போய் வந்தால் பழையது ஓடுகிறது. நம்பர் மறந்துவிட்டதாக்கும் என்று முதலில் நினைத்தேன், ரிமோட்டின் மேல் எழுதி ஒட்டினேன். அப்புறமும் அப்படியே. நேற்று எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். கையில் காசு சேர்ந்தால் கரியாக்குவதற்கென்றே பிறந்திருக்கிறீர்களா, எதற்கு மறுபடி அந்த மங்கல் படத்தைப் பார்க்கிறீர்கள் என்று கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. டிவியைப் பார்த்தபடியே, மெதுவாக, அதுல பாப்பா நல்லா இருக்கா என்றார்.

அவருக்கும் தெரிந்திருக்கிறது. முதல் நாளே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியக் கூடாதென்று அவரும், அவருக்குத் தெரியக் கூடாதென்று நானும், ஒரே சோபாவில் உட்கார்ந்து பக்கத்துப் பக்கத்தில் நடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதோம். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

அப்பா அப்போதே செருப்பை மாட்டிவிட்டார். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். போன தடவை சொல்லாமல் கொள்ளாமல் வந்தோமே, நினைவிருக்கிறதா? மாப்பிள்ளை விழுந்து விழுந்து உபசரித்தார். நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். நாங்கள் திரும்பிய பிறகு இரண்டு வாரம் உன் போன் அணைந்தே கிடந்தது. அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது. நாங்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனால், போன பிறகு அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் இனி வந்தால் உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போகத்தான் வருவோம். அது நீ சொல்லித்தான் நடக்க வேண்டும்.

வாயால் சொல்வது உனக்கு வராது. எழுதிவைத்தால் யார் கையில் சிக்குமோ என்று பயமாக இருக்கும். அதனால் ராத்திரி முழுக்க யோசித்து ஒன்று கண்டுபிடித்தேன். செய்தி வாசிக்கும்போது கையில் ஒரு நீலப் பேனா வைத்திருப்பாயே, பழைய நம்பரில் அது வெறும் குச்சி. புதிய நம்பரில் அதன் மூடி, மூடியின் கிளிப் எல்லாம் தெரிகிறது. நீ எப்போதும் மூடியோடுதான் பிடித்திருக்கிறாய். ஒரு நாள் மூடியில்லாமல் பிடி. அவ்வளவுதான். பேனா மூடியை எங்களைத் தவிர வேறு யார் பார்க்கப் போகிறார்கள்? அன்றைக்கே கிளம்பிவிடுவோம். ராத்திரிச் செய்தி முடிந்து நீ வெளியே வரும்போது ஆபீஸ் வாசலில் நிற்போம். எதுவும் கேட்க மாட்டோம். அப்பா சத்தம் போட மாட்டார், என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

மறதியாகத் திறந்து வைத்துவிட்டால் என்ன செய்வது என்று அப்பா கேட்கிறார். மறதியென்றாலும் வருவோம். வந்து உன்னைப் பார்த்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம், என்ன கெட்டுப்போயிற்று? மூடி இருக்கிற நாளெல்லாம் நீ யோசித்துக்கொண்டிருக்கிறாய் என்று எடுத்துக்கொள்வோம். கோபப்பட மாட்டோம். உன் அறையைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறேன். அங்கே அடுக்கியிருந்த துணி மூட்டையை எல்லாம் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணே, புதிய நம்பரிலும் நன்றாக இருக்க வேண்டும்.

டிவி முன்னாலேயே இருக்கும்,
அம்மா, அப்பா

*

திங்கட்கிழமை மதியம்

மாடி டீச்சருக்கு வணக்கம்.

நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோம். அதனால் இதை உங்கள் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன். சாவி இந்தக் கவருக்குள்ளேயே இருக்கிறது.

சுற்றி வளைக்க நேரமில்லை. எங்கள் மகளை மாப்பிள்ளை அடிக்கிறார். இதை இப்போதுதான் முதல் தடவையாக எழுத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் பேனா மூடியைக் கழற்றி வை என்று அவளுக்கு எழுதியிருந்தேன். மூன்று நாளாக மூடி இருந்தது. இன்றைக்கு மதியச் செய்தியில் இல்லை. கழற்றிய மூடியை மேசையில், எங்கள் பக்கம் பார்க்க, நேராக நிறுத்தி வைத்திருந்தாள். மறதி என்று நாங்கள் நினைத்துவிடக் கூடாதே என்று அப்படி வைத்திருக்கிறாள். செய்தியை ஒரு சொல் தடுமாறாமல் வாசித்து முடித்தாள்.

உடனே ஆபீஸுக்குப் போன் செய்தோம், இணைப்புக் கிடைக்கவில்லை. ஒரு மணி பஸ்ஸில் போகிறோம். ராத்திரி ஏழு மணிச் செய்தியும் அவள்தான் வாசிப்பாள். அது முடிந்து அவள் வெளியே வருவதற்குள் வாசலில் போய் நின்றுவிட வேண்டும். பஸ் எங்கே நிற்குமோ, எங்கே தாமதமாகுமோ தெரியாது. ஓட்டுகிறவர் மெதுவாகப் போனால் இவரே எழுந்துபோய் ஸ்டியரிங்கைப் பிடித்துவிடுவார் போலிருக்கிறார்.

உங்களிடம் ஒரு உதவி. ஏழு மணிக்கு எங்கள் வீட்டைத் திறந்து டிவியைப் போடுங்கள். எங்களிடம் இருப்பது பட்டன் போன், வழியில் எதையும் பார்க்க முடியாது. அவள் வந்து உட்கார்ந்ததும் எங்களைக் கூப்பிடுங்கள். அவளுக்குப் பதிலாக வேறு யாராவது வாசித்தால், தயவுசெய்து அந்த நொடியே கூப்பிடுங்கள். அப்படியானால் நாங்கள் ஆபீஸுக்குப் போகாமல் நேரே அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.

ரிமோட்டைத் தொட வேண்டியதில்லை. கிளம்பும்போது இவரே தன் கையால் புதிய நம்பரை வைத்துவிட்டு வந்தார். பழைய நம்பரில் பார்க்க வேண்டாம் டீச்சர், அதில் எப்போதும் நன்றாகத்தான் இருப்பாள். எங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து எதையும் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள். முடியை விலக்கியிருந்தாலும் முன்னால் விட்டிருந்தாலும், முகத்தில் என்ன இருந்தாலும், கண்ணுக்குத் தெரிவதை அப்படியே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கீழ் வீட்டுத் தையல்காரி