சைக்கிளுக்கு ஏது லைசென்ஸ்

அன்பு ஆன்சிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? நானும் சுகம். நீ தைத்துத் தந்த காக்கி பேண்ட்தான் பின்பக்கம் கிழிந்து மானத்தை வாங்கிவிட்டது; லுங்கியோடு உட்கார்ந்து எழுதுகிறேன். போன் சேற்றில் விழுந்து செத்துவிட்டது, அதனால்தான் கடிதம்.

ஞாயிறு சாயங்காலம் நிலக்கரி யார்டு ஆட்களோடு கொஞ்சம் குடித்தேன். பைக் என்றால் போலீஸ் ஊதச் சொல்வான், சைக்கிளுக்கு ஏது லைசென்ஸ் என்று உன் புருஷன் மகா புத்திசாலியாகச் சைக்கிளில் கிளம்பினான். எண்ணூர் ரோட்டில் பின்னால் வந்த கண்டெய்னர் லாரி கடைசி நிமிஷத்தில் ஒடித்துத் திரும்ப, நான் ஓரத்துப் பள்ளத்தில் கிடந்தேன். முழங்காலில் மட்டும் சிராய்ப்பு.

டிரைவர் இறங்கி ஓடிவந்தார்.

"இன்னா நைனா, அம்மாந்தூரத்துலேந்து ஹாரன் அட்ச்சுகினே வரேன், காதுல வுழலியா? உனக்கு ஒண்ணு ஆயிருந்தா என் வூட்டுக்கு யார் சோறு போடுவா?"

"விழலைண்ணே" என்றேன். சைக்கிளை லாரிக்குப் பின்னால் கட்டி, என்னை ரூம் வாசலில் இறக்கிவிட்டுத்தான் போனார்.

புது பேண்ட் ஒன்று தைத்து வை. தபாலில் வேண்டாம். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகளோடு நீயே கொண்டுவந்து நாலு நாள் இரு. இந்தத் தடவை சாக்கு சொல்லாதே.

அந்த டிரைவரிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஹாரன் நன்றாகவே கேட்டது, ஆன்சி. ஒதுங்கத்தான் மனம் வரவில்லை.

உன்
ஸ்டானிஸ்லாஸ்