மேரி அக்காவால் படிக்க முடியாத அறிவிப்பு

செவ்வாய்க்கிழமை, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

எங்கள் கம்பெனியில், மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லாருக்கும் சம வாய்ப்புக் கிடைக்கப் பார்த்துக்கொண்ட பன்முகத்தன்மைக் குழுவைக் கலைத்துவிட்டார்கள். லண்டன் தலைமையகம் படமாக அனுப்பிய அறிவிப்பை, எச்.ஆரில் இருக்கும் நான் அப்படியே எல்லாருக்கும் அனுப்பினேன். கண் தெரியாத மேரி அக்காவின் கணினி எழுத்தை வாசித்துக் காட்டும், படத்தை வாசிக்காது. அது எனக்குத் தோன்றவே இல்லை.

"என்ன போட்டிருக்கு? படிச்சுச் சொல்லு லா," என்று என் மேசைக்கே வந்துவிட்டார். படித்தேன். "உங்கள் ஒவ்வொருவரையும் மதிக்கிறோம்" என்ற வரியில் குரல் இறங்கிவிட்டது.

"அந்தக் குழுதானே எனக்கு சாஃப்ட்வேர் வாங்கிக் கொடுத்துச்சு. இனி அது இருக்குமா?"

"தெரியலக்கா. கேட்டுச் சொல்றேன்."

உடனே லண்டனுக்கு எழுதினேன். சாயங்காலம்தான் பதில் வந்தது: சாஃப்ட்வேர் தொடரும். ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

"காலையிலேர்ந்து வேற வேலை எங்க கிடைக்கும்னே யோசிச்சிட்டு இருந்தேன்மா," என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் போன் அடித்தது, அவர் எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.