திருப்பிக் கொடுத்த துணிக்கட்டு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போக மறுக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பாமல் வேறு என்ன செய்ய. நேற்று போனில், எதுக்கும்மா வம்பு, பேசாம தெச்சுக் குடுத்துட்டுப் போ என்றாய். போனில் எனக்குக் கோபம்தான் வரும், பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படி.

கடைத்தெருச் சங்கத் தலைவர் ஒரு கட்டு ஆரஞ்சுத் துணியைக் கொண்டுவந்து போட்டார் என்று சொன்னேன் அல்லவா. உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி ஓரம் மடித்துத் தர வேண்டும், பிழைக்க வந்த வெளியாட்கள் எல்லாரும் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டுமாம், யார் எவர்னு தெரிஞ்சா நல்லதுதானேம்மா என்றார். சங்கத்துக் கடையில் வாடகைக்கு இருக்கிறவள் நான், வாங்கி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் சித்தி என்னை மியூசியத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ராஜா ராணி நகை இருக்கும் என்று நினைத்துப் பளபளவென்று உடுத்தி வந்தாள். உள்ளே போனால், மனிதனை மனிதன் கூட்டம் கூட்டமாகக் கொன்று குவித்த கதை. நாலு படம் பார்ப்பதற்குள் அவள் பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். நான் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டேன். உள்ளே ஒரு சின்னக் கோட்டு, நெஞ்சில் ஒரு துணித்துண்டு. கொல்வதற்கு முன்னால் அடையாளம் தெரிய அப்படித் தைத்துக்கொள்ளச் சட்டமே போட்டிருந்தார்களாம். எதைக் கண்டாலும் தையலைப் பார்க்கும் புத்தி எனக்கு. பிசிறில்லாமல் மடித்த ஓரம், பொடிப்பொடியான தையல். நல்ல தையல் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்ன வாயை அங்கேயே பொத்திக்கொண்டேன்.

மறுநாள் கடைக்குப் போனால், நம் கடையில் பொத்தான் தைத்துக் கொடுக்கும் பொத்தான்காரி எனக்கு முன்னாலேயே வந்து அந்தக் கட்டைப் பிரித்து ஓரம் மடித்துக்கொண்டிருக்கிறாள். அவளும் பிழைக்க வந்தவள்தானே. பாக்கெட்டுக்கா அக்கா, கலர் நல்லாருக்கே என்கிறாள். இன்னதற்கு என்று சொன்னேன். ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு, என் பையனுக்கும் ஒண்ணு குத்தணுமாக்கா என்று கேட்டாள். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய்த் தலைவர் மேஜையில் போட்டேன். நீ இல்லன்னா வேற ஆளு, நீ கடைய மட்டும் காலி பண்ணு என்றார். அந்த வேற ஆள் வீட்டு வாசலிலும் நான் போய் நிற்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நின்றும் விட்டேன். இந்தத் தெருத் தையற்காரர்களில் மூன்று பேர் மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள், ஒருவர் மட்டும் யோசிக்கிறார், அவரை நான் நிம்மதியாக யோசிக்க விடப்போவதில்லை. அப்பா அந்த முழங்காலோடு கட்டிலை நகர்த்தி, முன்னறையில் இரண்டு பேர் உட்கார்ந்து தைக்க இடம் பண்ணிவிட்டார்.

நீ நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல் நூறு வயது இருக்க வேண்டும். பதில் போட மறக்காதே, இந்த ஒரு கேள்விக்காவது போடு. அந்த ஊரில் நீயும் வெளியாள்தான். நாளைக்கு உன் சட்டைக்கு ஒரு துண்டு தைக்கச் சொல்லி அங்கே ஒரு தையற்காரியிடம் துணியைக் கொண்டுபோய்ப் போட்டால், அவள் பெற்ற பிள்ளை போனில் அவளுக்கு என்ன சொல்ல வேண்டும்?

இப்படிக்கு,
மெஷினோடு வீட்டுக்கு வந்துவிட்ட உன் அம்மா