தாய்வீட்டில் பிறந்தவளையும் ஆய்வில் சேர்க்கக் கோரி

அனுப்புநர்:
வை. தங்கபுஷ்பம்,
வைரவன் ஜவுளிக்கடை மாடி,
ரங்கநாதன் தெரு, தியாகராய நகர், சென்னை-17.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கருவுற்ற தாய்மார் மருந்து ஆய்வு நிலையம்,
தேனாம்பேட்டை, சென்னை-18.

பொருள்: பிரசவத்துக்குத் தாய்வீடு சென்றதால் ஆய்விலிருந்து நீக்கப்பட்ட என்னையும் என் மகளையும் மீண்டும் சேர்க்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் நல்ல செய்தி. சென்ற மாசியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் செண்பகம். கை, கால், கண், காது எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. குரல் மட்டும் கொஞ்சம் அதிகம். கீழே கடையில் புடவை பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

2. கரு உண்டானது தெரியாமல், மசக்கை வாந்தியைப் பித்தம் என்று நினைத்து, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை இரண்டு வாரம் விழுங்கினேன். பிறகு சோதனைக்குச் சென்றபோது தங்கள் நிலையத்து டாக்டர் விஜயலக்ஷ்மி அம்மாள் விசாரித்து அதை நிறுத்தச் சொன்னார்கள். அது கருவைப் பாதிக்குமா என்று இன்னும் உறுதியாகத் தெரியாது, அதைக் கண்டறியத்தான் இந்த ஆய்வு என்று விளக்கி என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அன்று முதல் நான் பட்ட பயம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் ஊருக்குப் போகும்வரை ஒரு முறைகூடச் சோதனைக்குத் தவறவில்லை.

3. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் வழக்கப்படி என் அம்மா என்னைச் சாத்தான்குளத்துக்கு அழைத்துப் போனார். தலைப்பிரசவம் ஐயா, போகாவிட்டால் இரண்டு வீட்டாருக்கும் சண்டை வந்திருக்கும். திரும்பியதும் குழந்தையோடு ஆசையாகத் தங்கள் நிலையத்துக்கு ஓடி வந்தேன். டாக்டரம்மா அன்று விடுப்பு. அங்கிருந்த எழுத்தர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "இன்னாம்மா நீ, பாதியில வுட்டுட்டுப் போய் இப்ப வந்து நிக்கிற? மெட்ராஸ்ல பொறந்தாதான் கணக்கு. உன் கேஸ் மூடியாச்சு." எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் மரியாதையாக இருக்காது.

4. எங்கள் தெருக் கடைக் குடும்பங்களில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகாத பெண் ஒருத்தியும் இல்லை. போனவர்களையெல்லாம் தள்ளிவிட்டால் தங்கள் ஆய்வில் மூத்த பிள்ளைகளே இருக்க மாட்டார்கள். இளையவர்களை மட்டும் வைத்துக்கொண்டு என்ன முடிவு சொல்வீர்கள்?

5. எங்கள் கடைக்கு ரவிக்கை தைத்துத் தரும் பீர் முஹம்மதுவின் மனைவி ஜைத்தூனும் இதே மாத்திரையை விழுங்கியிருக்கிறாள். இப்போது நான்காம் மாதம். பயத்தில் சோறு இறங்கவில்லை. தினமும் மாடியேறி வந்து செண்பகத்தின் விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறாள். ஒரு குழந்தையை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். பலரைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்றால், வலிய வந்து நிற்பவளை ஏன் விடுகிறீர்கள்?

6. ஆகவே செண்பகத்தைச் சோதித்து ஆய்வில் சேர்க்கவும், தாய்வீடு போகிறவர்களின் விவரத்தை அந்தந்த ஊர் மருத்துவரிடமிருந்து பெறவும் உத்தரவிட வேண்டுகிறேன். சாத்தான்குளம் டாக்டர் எழுதித் தந்த பிறப்பு விவரத்தை இணைத்துள்ளேன். திங்கட்கிழமை காலை ஜைத்தூனையும் அழைத்து வருகிறேன். அவளுக்கும் இது தலைப்பிரசவம், தாய்வீடு காயல்பட்டினம். அங்கே போனாலும் விடமாட்டோம், கூடவே இருப்போம் என்று தங்கள் டாக்டர் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு பெயர் யோசிக்கக்கூட அவள் இன்னும் துணியவில்லை ஐயா.

நல்ல பதிலை நம்பியிருக்கும்,
வை. தங்கபுஷ்பம்

இடம்: சென்னை-17
நாள்: 6-6-1974