சாமி முடிச்சில் இருந்த விதை

ஜவ்வாது மலை
28-7-83

அன்புள்ள தீர்த்தகிரி அண்ணனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல நீலாவதி எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு பரவாயில்லை, மழை விட்டு விட்டுப் பெய்கிறது, கோயம்புத்தூரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா இரண்டு தரம் எழுதச் சொன்னாள்.

இனி நான் எழுதுவது. நீ பஸ்ஸில் கொடுத்தனுப்பிய கேழ்வரகு முளைக்கவில்லை என்று முன்பே எழுதியிருந்தேன். "நல்ல வெதைய அந்தக் கண்டக்டரு வடிவேலு எடுத்துக்கினு சொத்தையக் குட்த்துட்டான்" என்று அப்பா இன்னும் சொல்கிறார், நாளைக்கு பஸ் வந்ததும் அவர் சட்டையைப் பிடிக்கப் போகிறாராம். எனக்குச் சந்தேகம் அடுப்பு மேல். எலிக்குப் பயந்து நீ விதை அனுப்பிய நைலான் பையை அடுப்புக்கு நேர் மேலே பரணில் ஒரு மாதம் வைத்தவள் நான்தான், வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பேச்சு வரும், செய்து பார்க்கிற மாதிரி கேள், இப்படி இருந்தால் இப்படி ஆகும் என்று முன்னாலேயே எழுதி வை என்று பதில் போட்டாயே, அதன்படியே எழுதினேன். புது விதை வந்த அன்றே அதில் ஒரு பிடியைத் துணியில் முடிந்து சாமி விளக்கருகே வைப்போம் அல்லவா, அது பரணுக்குப் போகவில்லை. கண்டக்டர் மாற்றியிருந்தால் முடிச்சு விதையும் முளைக்காது. சூடுதான் காரணமென்றால் அது முளைக்கும், பரண் விதை முளைக்காது. ஈரத்துணியில் பத்துப் பத்தாக வைத்தேன். முடிச்சில் ஒன்பது முளைத்தது, பரண் விதையில் ஒன்றுமில்லை. அப்பாவிடம் காட்டினால், "சாமிகிட்ட இருந்தது மொளைக்காம இன்னா பண்ணும்?" என்று சிரிக்கிறார்.

சாமிக்குப் பயந்துகொண்டே மறுபடி எழுதினேன், சாமியால் என்றால் அந்த விதை பரணில் இருந்தாலும் முளைக்க வேண்டும் என்று. முடிச்சிலிருந்து பத்து விதையை அதே நைலான் பையில் போட்டு இருபது நாள் பரணில் வைத்து எடுத்து, ஈரத்துணியில் போட்டேன். இன்று காலை பார்த்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. முடிச்சிலேயே விட்டதில் பத்து எடுத்து வைத்ததில் எட்டு முளைத்திருக்கிறது.

"நான் சொன்னது ரெண்டு வரி, இன்னாடி பக்கம் பக்கமா எழுதற?" என்று அம்மா முறைக்கிறாள்.

இந்தக் கடிதமும் வடிவேலு அண்ணன் பஸ்ஸில்தான் போக வேண்டும், அப்பா சட்டையைப் பிடித்த பிறகு அவர் இதை வாங்குவாரா? அப்பா முன்னால் நின்றாலே எனக்கு வாய் வராது. அதனால்தான் இதையும் முன்னாலேயே எழுதி வைக்கிறேன்: பஸ் வருவதற்குள் பரணில் வைத்தது நான்தான் என்று அப்பாவிடம் சொல்லிவிடுவேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தால் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம்.

நெற்றியில் திருநீறு பூசியதாக நினைத்துக்கொள்ளச் சொன்னாள் அம்மா. எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே.

அம்மா கைநாட்டு,
தங்கை நீலாவதி