சுமையோடு நாற்பத்திரண்டு தப்படி

மரக்காணம்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

செல்ல மகள் கீதாஞ்சலிக்கு அம்மா பொன்னி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அந்த ஜப்பான் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருக்கவேண்டும் என்று அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். தினமும் வீடியோவில் முகத்தைப் பார்க்கிறோமே, இவள் எதுக்குக் காகிதத்தை வீணாக்குகிறாள் என்று நினைப்பாய். சொல்லவேண்டிய விஷயத்தை நாலு தடவை போனில் ஆரம்பித்தேன், நாலு தடவையும் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எதிரே முகம் இருந்தால் எனக்குப் பொய்தான் சரளமாக வருகிறது, காகிதத்தில் அவ்வளவு சுலபமாக வரமாட்டேன் என்கிறது. எட்டாவது படித்தவள் எழுத்து, கொஞ்சம் பொறுத்துப் படி.

அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனால் வாய்க்கு ஒரு வலியும் இல்லை. கெமிக்கல் கம்பெனி இருந்த பதினோரு ஏக்கரைச் சுத்தம் பண்ணி பூங்கா ஆக்குகிறார்கள் என்று சொன்னேன் இல்லையா, அதில் எனக்குத் தோட்ட வேலை கிடைத்து பச்சைக் கோட்டும் ஒரு விசிலும் கொடுத்தார்கள். அன்றையிலிருந்து நான் வாசலைத் தாண்டினால் கலெக்டரம்மா கிளம்பிட்டாங்கப்பா, எல்லாரும் எழுந்து நில்லுங்கன்னு தெரு கேட்கச் சொல்வார். நானும் சும்மா இல்லை, கோட்டைப் போட்டுக்கொண்டு தேவையில்லாமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் வந்தேன். விசில் ஆடு மேயாமல் துரத்துவதற்கு. மரக்காணத்து ஆடுகள் விசில் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயும், அவ்வளவுதான் என் அதிகாரம்.

வேலை என்னவோ நிஜமாகவே நல்ல வேலை. மேல் மண்ணைச் சுரண்டி தார்ப்பாய் போட்ட லாரியில் எங்கேயோ கொண்டுபோனார்கள், அதற்கு மேல் களிமண், ஷீட், திரும்ப நல்ல மண் என்று அடுக்கி, பூவரசும் புங்கனும் வைத்து, கழுவேலி ஏரிக்கரை வரைக்கும் நடைபாதை போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் நாரை கூட்டமாக வந்து இறங்குவதைப் பார்த்தால் நீ விடமாட்டாய். எல்லாம் செந்தமிழ் என்கிற இன்ஜினியர் மேடம் மேற்பார்வை, உன்னைவிட நாலு வயசு கூட இருக்கும். வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் பழைய கம்பெனி ஆட்களை எல்லாம் கூப்பிட்டு, இங்க எங்கயாவது கழிவு எதையாவது புதைச்சிருக்காங்களாம்மா, தெரிஞ்சா சொல்லுங்கன்னு அந்த மேடம் கேட்டார். உன் அம்மா மட்டும் எழுந்து நின்று, அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம், நான் அஞ்சு மழைக்காலம் அங்க வேலை பார்த்தவள்னு கணீரென்று சொல்லி உட்கார்ந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். விசில் எனக்குக் கிடைத்ததே அந்தப் பேச்சினால்தான்.

ஆனால் புதைத்தது உண்மை, மூடினது நான். மழைக்காலத்தில் உப்பளம் மூடிவிட்டால் நாங்கள் கம்பெனிக்குக் கூலிக்குப் போவோம், ஞாபகம் இருக்கும். கம்பெனியை இழுத்துப் பூட்டப்போகிற கடைசி மாசம் பம்ப் ரூமுக்குத் தெற்கே குழி வெட்டி, ஆம்பளைகள் நீல டிரம்மாக உருட்டித் தள்ளினார்கள், நானும் ஜான்சி அத்தையும் இன்னும் ரெண்டு பேரும் பம்ப் ரூம் படியோரம் குவித்திருந்த மண்ணைக் கூடையில் சுமந்து மூடினோம். உள்ளே என்ன என்று கேட்கவில்லை. மேஸ்திரி வாயைத் திறக்கக்கூடாதுன்னு சொன்னான், மூடிக்கொண்டோம். இப்போது சொன்னால் கேஸ் வரும், இருக்கிற வேலையும் போகும், உனக்கு ஏண்டி வேண்டாத வேலைன்னு ஜான்சி அத்தை பயமுறுத்தினாள். நானும் சரிதான் என்று இருந்துவிட்டேன். போன மாசம் ஊஞ்சலும் சறுக்குமரமும் லாரியில் வந்து இறங்கின. எங்கே நடப்போகிறார்கள் என்று பார்த்தால், பம்ப் ரூமுக்குத் தெற்கே.

உடனே போய்ச் சொல்லியிருந்தால் நான் மனுஷி. நான் என்ன பண்ணினேன் தெரியுமா, அங்கே நல்லபாம்பு இருக்கிறது என்றேன். பாம்பு பிடிக்கிறவர் வந்து அரை நாள் தேடி ஒரு ஓணானைக் காட்டிவிட்டுப் போனார். அடுத்து அந்த மூலையில் காத்து கருப்பு அடிக்கும், உச்சி வேளையில் கொலுசுச் சத்தம் கேட்கிறது என்று கிளப்பிவிட்டேன். மறுநாள் யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள், அதற்கு மறுநாள் கற்பூரம், மூன்றாம் நாள் ஒரு செங்கல்லுக்கு மஞ்சள் பூசி நட்டுவிட்டார்கள். உண்மை தெரிந்த ஜான்சி அத்தையே எட்ட நின்று சிலுவை போட்டுக்கொள்கிறாள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கூழ் ஊற்றியிருப்பார்கள், நானும் பச்சைக் கோட்டோடு வரிசையில் நின்று வாங்கிக் குடித்திருப்பேன். மேடம் சிரித்துக்கொண்டு, பசங்க ஓடி விளையாடினா பயம் தன்னால போயிடும்மான்னு சொல்லிவிட்டு ஊஞ்சலுக்குக் குழி தோண்ட ஆள் விட்டார். அந்தப் பேச்சைக் கேட்டதும் நேராக அவர் அறைக்குப் போனேன். கோட்டைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மேடம் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எங்கன்னு காட்டுங்கம்மா என்று மட்டும்தான் கேட்டார். எனக்கு அது ஒரு விஷயமே இல்லை, உப்பளத்தில் பாத்திக்கும் மேட்டுக்கும் எத்தனை தப்படி என்று எண்ணி எண்ணியே பழகின தலை. பம்ப் ரூம் படியிலிருந்து நாற்பத்திரண்டு தப்படி, நேர் தெற்கு. கையை வீசி நடந்துபோய், இங்கதான்னு காலால் மிதித்துக் காட்டினேன். ஜேசிபி ஓட்டுகிற சித்தார்த்தன் ஒரு ஆள் ஆழம் தோண்டினான், ஒன்றும் இல்லை. பக்கத்தில் தோண்டினான், இல்லை. மூன்றாவது குழியில் தண்ணீர் ஊறியதுதான் மிச்சம். வேலிக்கு வெளியே ஊரே நின்று வேடிக்கை பார்க்கிறது. ஏம்மா, கொலுசு போட்டிருந்துச்சே அது எடுத்துட்டுப் போயிருக்குமோன்னு சித்தார்த்தன் கேட்டான் பார், பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. பொய் சொன்னபோது கை தட்டின ஊர், உண்மையைச் சொன்னபோது சிரித்தது. யாரைக் குறை சொல்வது, பழக்கினது நான்தானே.

வேலையை நிறுத்திக் கிளம்பப் பார்த்தார்கள். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. அன்றைக்கு நான் எண்ணினது தலையில் ஈர மண் கூடையோடு. சுமை இருந்தால் கால் அகலாது, சின்னச் சின்னதாகத்தான் எட்டு வைக்கமுடியும். இருபத்தைந்து வருஷம் சுமந்தவளுக்கு இது தெரியாமல் வெறும் தலையோடு மகாராணி மாதிரி கையை வீசிக்கொண்டு நடந்திருக்கிறேன். ஒரு கூடை ஈர மண் கேட்டேன். முந்தானையைச் சும்மாடாகச் சுற்றி வைத்துக்கொண்டேன், அப்பாதான் முழங்கால் வலியோடு வந்து தூக்கிவிட்டார், கலெக்டரம்மா என்று சொல்லவில்லை, பார்த்து நடடீன்னு மட்டும் சொன்னார். கழுத்து விண்ணென்று தெறித்தது. எண்ணிக்கொண்டே போய் நாற்பத்திரண்டில் நின்றேன். முன்னே தோண்டின இடத்துக்கு இருபது அடி இந்தப் பக்கம், ஊஞ்சலுக்குக் கயிறு கட்டி வைத்திருந்த இடத்துக்கு நடுவே. இடுப்பளவு தோண்டுவதற்குள் நீல டிரம் தெரிந்தது. மொத்தம் பத்தொன்பது, ஆறு டிரம் ஓட்டையாகி ஒழுகியிருக்கிறது. ஊர் மறுபடியும் கை தட்டியது. தட்டாதீங்கன்னு கத்திவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

பூங்கா திறப்பு ஆறு மாசம் தள்ளிப்போய்விட்டது. அதனால் தெருவில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. வேலை இருக்குமா என்று தெரியவில்லை, கோட்டு இன்னும் மேடம் மேசையிலேயே கிடக்கிறது. இதெல்லாம் போனில் சொல்லக்கூடியதுதான். சொல்ல முடியாதது இனிமேல்தான். டிரம் எடுத்த அன்றைக்கு மேடம் எழுதி நிரப்புகிற பாரம் ஒன்றை வைத்துக்கொண்டு, அந்த நேரத்துல யாருக்காவது உடம்புக்கு ஏதாவது ஆச்சாம்மான்னு கேட்டார். அவ்வளவு வீரமாகக் கூடை சுமந்த நான், யாருக்கும் இல்லீங்கன்னு டக்கென்று சொல்லிவிட்டேன்.

கண்ணு, உன் இடது காலில் இருக்கிற தழும்பு கடலில் சொறிமீன் பட்டு வந்தது இல்லை. உனக்கு அப்போது ஒன்பது வயசு. நாங்கள் குழி மூடிக்கொண்டிருந்தபோது எனக்குச் சோறு கொண்டுவந்தாய், சேறு என்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, டிரம்மிலிருந்து கசிந்து மஞ்சளாகத் தேங்கியிருந்த தண்ணீரில் நடந்து வந்தாய். ராத்திரிக்குள் கொப்புளம். டாக்டர் கேட்டபோது சொறி பட்டிருச்சுன்னு சொன்னது நான், கம்பெனி பேரை எடுத்தால் மறுநாள் வேலை இல்லை என்று பயம். நீயும் அதை நம்பி அன்றோடு கடலில் கால் வைப்பதை விட்டாய். கடற்கரை ஊரில் பிறந்து அலைக்குப் பயப்படுகிறாளே என்று ஊரே கேலி பண்ணியபோது நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

நேற்றுப் போய் அந்தப் பாரத்தில் உன் பெயரை எழுதச் சொன்னேன், எழுதிவிட்டார்கள். நீ அங்கே ஒரு தோல் டாக்டரிடம் காலைக் காட்டு, கம்பெனிக் கழிவில் பட்டது என்று உண்மையைச் சொல்லு, தள்ளிப்போடாதே. நல்லா இருடி என் தங்கமே, நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு, அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். என்மேல் கோபம் வந்தால் வாய் வலிக்கத் திட்டு, ஆனால் போனை எடு. அந்த ஊரிலும் பக்கத்தில் கடல் இருக்கிறதாமே. ஒரு நாள் லீவு போட்டுப் போய்க் காலை நனைத்துவிட்டு வா. கடல் உனக்கு ஒன்றும் பண்ணவில்லை கண்ணு, பண்ணினது நான்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ந. பொன்னி