அட்டையில் இல்லாத வசனம்

பேசாலை
13.01.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

நான் நலம். நீங்கள் நலமில்லை என்று தெரியும், ஆகவே கேட்கவில்லை. என் போனை அண்ணா எடுத்துப் பார்ப்பார். அதனால் இதை டினோஜாவிடம் கொடுத்து விடுகிறேன். அவளும் உங்கள் கந்தோரில்தானே வேலை செய்கிறாள்.

சனிக்கிழமை பங்கு மண்டபத்தில், நீங்கள் கந்தோர்க்காரர் எல்லோரும் நடித்து றொஷான் அண்ணா எடுத்த மௌனப் படத்தைப் போட்டார்கள். அந்தக் காலத்துப் படங்களைப் போலக் கறுப்பு வெள்ளை, ஓட்ட நடை, நடுநடுவே வசனம் எழுதிய அட்டை. நிப்ராஸ் கரி மீசையோடு மேலதிகாரியாக வந்தபோது சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். பிறந்ததிலிருந்து காது கேளாத நான் மற்றவர்களுக்குச் சமமாக இருந்து பார்த்த முதல் படம் அது.

பிறகு பைறூஸ் முழங்காலில் நின்று உங்களிடம் காதல் மனுவை நீட்டினார். "மேலதிகாரியின் கையொப்பத்தோடு வாரும்" என்றது அட்டை. உங்கள் வாய் அதைச் சொல்லவில்லை. "றொஷான், எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம், நிப்பாட்டுங்கோ" என்றது. உதட்டைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அதில் எனக்குப் பிழை வராது.

கோயிலில் அண்ணாவின் பெயரையும் உங்கள் பெயரையும் கலியாண அறிவித்தலில் இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. தடை ஏதும் தெரிந்தால் அறிவியுங்கள் என்று பாதர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். வருகிற ஞாயிறு மூன்றாவது, கடைசி வாசிப்பு. ஒன்றும் அறியாத என் அண்ணாவை ஏமாற்றாதீர்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

கோபத்தோடும் அன்போடும்,
அன்ரோனெற்

தோட்டவெளி
15.01.2025

என் அன்ரோனெற்,

உன் கடிதத்தை வாசித்ததிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. குசினிக்கும் முற்றத்துக்குமாக நடக்கிறேன். அம்மா கலியாணக் கேக்குக்குச் சொல்லிவிட்டார்.

நீ ஒன்றை யோசிக்கவில்லை. படத்துக்குத்தான் சத்தம் இல்லை, நாங்கள் நடித்த அறைக்கு இருந்தது. "வாய் அசைஞ்சால் போதும், எதையாவது சொல்லுங்கோ" என்றார் உன் அண்ணா. பைறூஸ் மீன்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு நின்றார். நான் அதைச் சத்தமாகவே சொன்னேன். போனில் படம் பிடித்தபடி எனக்கு முன்னால் நின்றவர் உன் அண்ணா.

அதற்கு முதலும் சொன்னேன், ஒருமுறை தாழ்வுபாட்டுக் கடற்கரையில், ஒருமுறை போனில். "நல்ல பகிடி" என்று சிரித்துத் தட்டிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் எதைச் சொன்னாலும் பகிடியாக்கும் மனிதரோடு எப்படிச் சீவிப்பது? படம் எடுக்கும்போதாவது என் முகத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்த்தார். "சோக்கான நடிப்பு" என்று சிரித்தார். அந்தத் துண்டையே படத்திலும் வைத்தார்.

அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லையா என்று நீயே கேட்டுப் பார்.

உன்,
றஞ்சிதா

பேசாலை
17.01.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

கேட்டேன். முதலில் சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு, "ஓம், அப்பவே விளங்கினது. கலியாணம் முடிஞ்சால் எல்லாம் சரிவரும். நீ பேசாமல் இரு" என்றார். என்னிடமே அதைச் சொல்கிறார் பாருங்கள்.

உங்களைப் பிழையாக நினைத்துவிட்டேன், மன்னியுங்கள். நேரே பாதரிடம் போய் எழுதிக் காட்டினேன். "பிள்ளை, இதைப் பொம்பிளைதான் தன்ர வாயால சொல்லவேணும்" என்றார்.

எனக்கு நீங்கள் மச்சாளாக வரவேண்டும் என்று எவ்வளவு ஆசை. என்னோடு கையால் கதைக்கப் பழகியவர் நீங்கள் ஒருவர்தான். அண்ணாகூடப் பழகவில்லை. இருந்தாலும் உங்கள் பாதரிடம் போய்ச் சொல்லுங்கள். நாளைக்கே போங்கள்.

அன்ரோனெற்

தோட்டவெளி
19.01.2025

என் அன்ரோனெற்,

இன்று எங்கள் பெயரை வாசிக்கவில்லை. அங்கேயும் வாசித்திருக்க மாட்டார்கள்.

அம்மா என்னோடு கதைப்பதில்லை. நாளைக்குக் கந்தோரில் உன் அண்ணாவின் எதிர் மேசையில் இருக்கவேண்டும். இனி உங்கள் வீட்டுக்கு வர முகமில்லை. நீ பட்டணத்துக்கு வா, பஸ் நிலையத்தில் நின்றாவது கதைப்போம். உன்னை இழக்க எனக்கு விருப்பமில்லை.

நேற்றுப் பின்னேரம் பாதரிடம் போனேன். வழியில் இரண்டு தரம் திரும்பி நடந்தேன். சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டு, திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். பாதர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, "இருந்து ஆறுதலாய்ச் சொல்லுங்கோ மகள், நான் கேக்கிறன்" என்றார்.

றஞ்சிதா